ரவுட்டர் மலையில், சாவி சேலத்தில்

ஏற்காட்டில் பல வீடுகளின் சொந்தக்காரர்கள் ஏற்காட்டில் இல்லை. சேலத்திலோ சென்னையிலோ பெங்களூரிலோ இருந்துகொண்டு, லீவு கிடைத்தால் ஏறி வருகிறவர்கள். மற்ற நாட்களில் வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒரு கேர்டேக்கர் இருப்பார். அறைகள் ஹோம்ஸ்டேயாக வாடகைக்குப் போகும். சேலத்திலிருந்து 30 கிலோமீட்டர்தான். ஆனால் நடுவில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. வைஃபை நின்றுவிட்டது என்று விருந்தாளி முணுமுணுத்தால், ஓடிப்போய் ஒரு பார்வை பார்த்துவிட்டு வரக்கூடிய இடமில்லை. ஆகவே ரவுட்டருக்குள் எந்த வழியாக நுழைவது என்ற கேள்வி, டவுனில் இருப்பவருக்கு எப்படியோ, ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் வீடு வைத்திருப்பவருக்கு நிஜமான கேள்வி.

நுழைய இரண்டு வாசல்கள் உண்டு. பழையது பிரவுசர் பக்கம்: வீட்டு வைஃபையில் போனை இணைத்துவிட்டு 192.168.1.1 என்று அடிப்பது. சில பெட்டிகளில் அது 192.168.0.1, ஜியோ ஃபைபரில் 192.168.29.1. புதியது செயலி: இணைய நிறுவனமோ ரவுட்டர் கம்பெனியோ தருவது, போனில் தொட்டால் திறப்பது. வைஃபை பெயர், பாஸ்வேர்ட், யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்ற பட்டியல் எல்லாம் இரண்டிலும் உண்டு. மேலோட்டமாகப் பார்த்தால் பழசு, புதுசு என்பது மட்டுமே வித்தியாசம் போலத் தெரியும்.

வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. 192.168 என்று தொடங்கும் முகவரிகள் வீடு, அலுவலகம் போன்ற உள்வலைகளுக்கென்றே ஒதுக்கப்பட்டவை. 1996-இல் வந்த ஆர்.எஃப்.சி. 1918 என்ற ஆவணம் அதை வரையறுத்தது. அதே எண் ஏற்காட்டு நாகலூரில் ஒரு வீட்டிலும் இருக்கும், நார்வேயில் ஒரு வீட்டிலும் இருக்கும். வெளி இணையத்தில் அதற்கு மதிப்பே இல்லை. எனவே பிரவுசர் பக்கத்தைத் திறக்க அந்த வீட்டில், அந்த வைஃபைக்குள் ஆள் இருந்தாக வேண்டும். செயலியோ கம்பெனியின் சர்வர் வழியாகச் சுற்றிக்கொண்டு வருகிறது. சேலம் ஐந்து ரோட்டில் டீ குடித்தபடியே மலைமேல் மஞ்சக்குட்டையில் இருக்கும் வீட்டின் பாஸ்வேர்டை மாற்றிவிடலாம். சொந்தக்காரருக்கு இதைவிட வசதி வேண்டுமா?

லைன் இருக்கும்வரை வேண்டாம்தான். கோடை மழையில் ஒரு சில்வர் ஓக் கிளை முறிந்து ஃபைபர் மேல் விழுந்தால் கதை மாறுகிறது. சேலத்தில் இருப்பவரின் செயலி "ஆஃப்லைன்" என்ற ஒற்றைச் சொல்லைக் காட்டிவிட்டு நின்றுவிடும். கரண்ட் போனதா, கேபிள் அறுந்ததா, பெட்டி எரிந்ததா, மாதச் சந்தா கட்டவில்லையா? நான்குக்கும் அதே சொல்தான். பெட்டி எரியாமல், அதற்குக் கரண்டும் இருந்தால், பிரவுசர் பக்கம் அப்போதும் திறக்கும். இணையம் செத்திருந்தாலும் ரவுட்டருக்கும் போனுக்கும் இடையேயான வைஃபை உயிரோடுதான் இருக்கும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. உள்ளே போய் ஆப்டிகல் அல்லது பான் என்று இருக்கும் பகுதியைத் திறந்தால், வந்து சேரும் ஒளியின் அளவு ஓர் எண்ணாக நிற்கும். மைனஸ் 19, 20 என்றால் ஆரோக்கியம். மைனஸ் 27-ஐத் தாண்டிப் போய்விட்டால் எங்கோ ஃபைபர் மடங்கியிருக்கிறது, அல்லது ஜாயின்ட்டில் பழுது. எண்ணே இல்லாமல் எல்.ஓ.எஸ். என்ற விளக்கு சிவப்பாக மின்னினால் அறுந்தேவிட்டது. இதைச் சொல்லி கம்ப்ளெயின்ட் கொடுத்தால், "ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க" என்ற முதல் கட்டத்தைத் தாண்டி, ஆள் கையில் சரியான கருவியோடு வருவார்.

மலையில் இன்னொரு முடிச்சும் உண்டு. முகட்டுக்குப் பின்னால் சரிந்திருக்கும் எஸ்டேட்டுகளில் செல்போன் சிக்னல் வராத பொந்துகள் பல. அங்கே 2019 கடைசியில் ஏர்டெல்லும் 2020 தொடக்கத்தில் ஜியோவும் கொண்டுவந்த வைஃபை காலிங்தான் பேச்சுக்கு வழி. ரவுட்டர் போனால் போனும் போச்சு. செயலியில் நுழைய ஓ.டி.பி. வேண்டும்; அது பதிவு செய்த எண்ணுக்குத்தான் போகும்; அந்த எண் சேலத்தில், சொந்தக்காரரின் சட்டைப்பையில். ரவுட்டருக்குப் பக்கத்தில் நிற்கிற ஒரே மனிதரான கேர்டேக்கருக்கு அந்த வாசல் பூட்டியே கிடக்கிறது.

நியாயமாகச் சொன்னால், எல்லாச் செயலிகளும் இப்படி இல்லை. டிபி-லிங்கின் டெதர், போன் அதே வைஃபையில் இருந்தால் இணையம் இல்லாமலும் ரவுட்டரோடு பேசும். பிரவுசர் பக்கத்திலும் எரிச்சல்கள் உண்டு. இணையம் வராத வைஃபை என்று தெரிந்ததும் ஆண்ட்ராய்டு போன் தானாகவே மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும், 192.168.1.1 திறக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். டேட்டாவை அணைத்துவிட்டு அடித்தால் திறக்கும். திறந்ததும் "பாதுகாப்பற்றது" என்று பிரவுசர் மிரட்டும். உள்வலைப் பக்கம் பெரும்பாலும் குறியாக்கம் இல்லாமல் வருவதால் அப்படி. வைஃபை பெயரையோ அதன் பாஸ்வேர்டையோ மாற்றி சேவ் கொடுத்த நொடியில் போன் வைஃபையிலிருந்து கழன்றுவிடும். "சார், கெட்டுப்போச்சு சார்" என்று போன் வரும் கட்டம் இதுதான். கெடவில்லை; புதுப் பாஸ்வேர்டைப் போட்டு மறுபடி இணைய வேண்டும், அவ்வளவே.

பாதுகாப்பில் எது மேல் என்றால், பழைய வாசலின் பெயர்தான் அதிகம் கெட்டிருக்கிறது. காரணம் அட்மின், அட்மின் என்ற பிறவிப் பாஸ்வேர்ட். 2016-இல் உலகையே உலுக்கிய மிராய் என்ற நச்சு நிரல் உள்ளே நுழையச் செய்ததெல்லாம், அறுபது சொச்சம் பிறவிப் பெயர்-பாஸ்வேர்டுகளை ஒவ்வொரு பெட்டியாக முயன்று பார்த்ததுதான். 2017 ஜூலையில் பி.எஸ்.என்.எல். மோடங்கள் தாக்கப்பட்டபோதும் மாட்டியவை பாஸ்வேர்ட் மாற்றாதவையே. மாற்றச் சொல்லி அந்த நிறுவனம் அப்போது வேண்டுகோள் விடுத்தது. பிரிட்டனில் 2024 ஏப்ரல் முதல் இப்படிப் பொதுப் பாஸ்வேர்டோடு பெட்டி விற்பதே சட்டவிரோதம். இப்போது வரும் பல ரவுட்டர்களில் பெட்டிக்குப் பெட்டி வேறு பாஸ்வேர்ட் அடியில் ஸ்டிக்கராக ஒட்டியிருக்கும். டார்ச் அடித்துப் படிக்க வேண்டிய பொடி எழுத்து.

செயலியில் இந்தக் குறை குறைவு. ஆனால் அதை நம்பும்போது கம்பெனியின் சர்வரையும் சேர்த்து நம்புகிறோம். செயலி போக, இணைய நிறுவனமும் தன் பெட்டிகளைத் தூரத்திலிருந்து நிர்வகிக்க டி.ஆர்.-069 என்றொரு முறையை வைத்திருக்கிறது, 2004-இலிருந்து இருப்பது. ஜெர்மனியில் 2016 நவம்பரில் அந்த வழியைக் குறிவைத்த தாக்குதலில் டாய்ச் டெலிகாமின் சுமார் 9 லட்சம் வாடிக்கையாளர்களின் ரவுட்டர்கள் படுத்தன. தூரத்திலிருந்து திறக்கிற எந்த வாசலும் நமக்கு மட்டுமே திறக்கும் என்று சொல்லிவிட முடியாது. பிரவுசர் பக்கத்திலும் ரிமோட் மேனேஜ்மென்ட் என்றொரு பொத்தான் இருக்கும். சேலத்திலிருந்து பார்க்க ஆசைப்பட்டு அதை ஆன் செய்யாதீர்கள். அந்த ஆசைக்குச் செயலியே மேல்.

ஹோம்ஸ்டேக்காரர்கள் இன்னொரு பழைய சம்பவத்தையும் நினைவில் வைக்கலாம். 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சில நிமிடங்களுக்கு முன் ஊடகங்களுக்குப் போன மிரட்டல் மின்னஞ்சலைத் தேடிய போலீஸ், நவி மும்பையில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் வீட்டுக் கதவைத் தட்டியது. அவருடைய பூட்டாத வைஃபையை யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவரைத்தான் முதலில் கேட்பார்கள். விருந்தாளிகளுக்குத் தனியாக கெஸ்ட் நெட்வொர்க் வைத்து, அதன் பாஸ்வேர்டை அடிக்கடி மாற்றுவதற்குச் செயலி அருமையானது. சொந்தக்காரர் கீழிருந்தே செய்துவிடலாம். தொல்லை செய்த போனின் மேக் முகவரியை, அதாவது வலையில் அதற்குரிய அடையாள எண்ணை, பிரவுசர் பக்கத்தில் போய் ஃபில்டரில் போடுவதால் இப்போது பெரிய பலனில்லை. 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10, 2020-இல் வந்த ஐ.ஓ.எஸ். 14 முதல் போன்கள் உண்மையான முகவரிக்குப் பதில் பொய் முகவரியைத்தான் காட்டுகின்றன. இந்தச் சுற்றில் வெற்றி செயலிக்கே.

அலைவரிசை விஷயத்தில் மீண்டும் பழைய வாசல். பனிமூட்டம் இறங்கினால் வைஃபை மந்தமாகிறது என்று மலையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பாவம், பனிமேல் பழி. வைஃபை ஓடும் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் அலைகளைப் பனித்துளிகள் கிட்டத்தட்ட ஒன்றுமே செய்வதில்லை. நனைந்த இலை தடுக்கும். கருங்கல் சுவர் இன்னும் நன்றாகத் தடுக்கும். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820-களில் இங்கே காப்பிச் செடியைக் கொண்டுவந்த பிறகு வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் பாணியில் எழும்பிய பங்களாக்களின் சுவர்களை யாரும் வைஃபைக்காகக் கட்டவில்லை. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது; ஒரு கல் சுவரைத் தாண்டியதும் மூச்சு வாங்கும். 2.4 மெதுவானாலும் தாண்டிப் போகும். செயலிகள் பலவும் இரண்டையும் ஒரே பெயரில் ஒட்டவைத்து, போனே தேர்ந்தெடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகின்றன. பிரவுசர் பக்கத்தில் தனித்தனிப் பெயர் வைத்து, பின்கட்டு அறைக்கு 2.4-ஐ மட்டும் கொடுக்கலாம். சேனலையும் 1, 6, 11 என்பவற்றில் ஒன்றில் நிறுத்தலாம்.

என் தீர்ப்பு: செயலி சொந்தக்காரரிடம் இருக்கட்டும், பிரவுசர் பக்கத்தின் பாஸ்வேர்ட் கேர்டேக்கரிடம் இருக்கட்டும். "அவர் எதையாவது நோண்டிவிடுவார்" என்று தயங்குகிறவர்கள், அந்தப் பெட்டிக்குப் பின்னால் ரீசெட் என்று ஒரு குட்டி ஓட்டை இருப்பதை மறந்துவிடுகிறார்கள். உள்ளே போக வழி தெரியாதவர் கடைசியில் குண்டூசியை எடுப்பார். பத்து விநாடி அழுத்தினால் வைஃபை பெயர் மட்டும் போகாது. ஃபைபர் இணைப்புகள் பலவற்றில் இணைய நிறுவனம் கொடுத்த பி.பி.பி.ஓ.இ. யூசர் ஐ.டி.யும் வீலான் எண்ணும் சேர்ந்தே அழியும். மறுபடி போட்டுத்தர ஆள் வரும்வரை இணையம் இல்லை. கேர்டேக்கரிடம் பாஸ்வேர்ட் கொடுக்கும் அன்றே இந்த விவரங்கள் இருக்கும் வான் (WAN) செட்டிங்ஸ் பக்கத்தை ஒரு போட்டோ எடுத்துவையுங்கள். பேக்கப் கான்ஃபிகரேஷன் என்ற பொத்தான் இருந்தால் அந்த ஃபைலையும் இறக்கி, ஒரு பிரதி மேலே, ஒரு பிரதி கீழே.