சுடலை காத்த மன்னன்: அரிச்சந்திர நாடகத்தில் வேடமும் மெய்ம்மையும்

வேடம் எது, வேடத்துள் நிற்பவன் யார் என்னும் வினா நாடகக் கலையோடு உடன்பிறந்ததாகும். சேக்சுபியரின் ஹாம்லெட் பித்தனைப் போல் நடித்துத் தன் உள்ளத்தை மறைத்தான். தமிழ் மேடையின் அரிச்சந்திரனோ தன்னை விற்றவன்; நடித்தவன் அல்லன். எனினும் சுடலை காவலனாக நின்ற அவனை மனைவியும் அறிந்திலள். அவனது மெய்யுரு யாது என்பதை ஈண்டு நோக்குவாம்.

அரிச்சந்திரன் தொடக்கத்திலேயே வாய்மையின் வடிவமாக விளங்கியவன் அல்லன். ஐதரேய பிராமணம் கூறும் அரிச்சந்திரன், பிறக்கும் மகனைப் பலியிடுவதாக வருணனுக்கு வாக்களித்துப் பின் காரணங்கள் பல கூறி நாள் கடத்துகின்றான். மார்க்கண்டேய புராணத்திலேதான் அவன் விசுவாமித்திரர்க்குப் பட்ட கடனைத் தீர்க்க, மனைவியையும் மைந்தனையும் தன்னையும் விற்கின்றான். வாக்குத் தவறிய பெயரே வாக்குக்கு எடுத்துக்காட்டாயிற்று.

தமிழ் மரபு இக்கதையின் உயிர்நிலையை மயான காண்டத்தில் அமைத்தது. அரவு தீண்டி இறந்த மைந்தனைச் சுமந்து நள்ளிரவில் சந்திரமதி சுடலைக்கு வருகின்றாள். காவலன் கால்பணமும் முழத்துண்டும் வாய்க்கரிசியும் கேட்கின்றான். அவள் தன் வறுமையைக் கூறி அழுகின்றாள். கழுத்தில் தாலி இருக்கின்றதே, அதனை விற்று வருக என்கின்றான் அவன். கணவன் கண்ணுக்கன்றிப் பிறர் கண்ணுக்குப் புலனாகாத தாலி அது. அச்சொல்லே அவனைக் காட்டிக் கொடுத்தது.

தன் மைந்தன் என்று அறிந்த பின்னரும் அவன் கூலியை விட்டானில்லை. வாய்க்கரிசி தன் பங்கு, அதனை விடலாம். கால்பணமும் முழத்துண்டும் ஆண்டையின் உடைமை; அவற்றை விடும் உரிமை அவனுக்கில்லை. தந்தையின் துயரும் காவலனின் கடமையும் மோதிய அந்நொடியில், முடியும் செங்கோலும் அற்ற இடத்திலும் மன்னன் வெளிப்பட்டான். ஹாம்லெட்டுக்கு வேடம் திரையாயிற்று, இவனுக்கோ உரைகல்லாயிற்று.

ஈழத்தில் இப்பாத்திரத்தோடு ஒன்றியவர் காங்கேசன்துறை நடிகமணி வி. வி. வைரமுத்து (1924–1989). மயான காண்டத்தை எத்தனையோ மேடைகளில் அவர் நடித்தார். கதையை முழுதும் அறிந்தவர்களே மீண்டும் மீண்டும் சென்று கண்டனர். இளமையில் இந்நாடகத்தைக் கண்ட காந்தியடிகளும், அதனைத் தம்முள் எண்ணிறந்த முறை நடித்துப் பார்த்ததாகத் தம் சுயசரிதையில் குறித்துள்ளார். நல்ல வேடம் காண்போனையும் உருவாக்கும் என்பதற்கு இது சான்று.

ஆயினும் நாம் எண்ண வேண்டியது ஒன்றுண்டு. சுடலைத் தொழிலை மன்னன் ஏற்றதற்காகக் கண்ணீர் விடும் நாம், அத்தொழிலுக்கெனவே பிறந்தவராகக் கருதப்பட்டவர்க்கு எத்துணைக் கண்ணீர் விட்டோம்? மன்னனுக்கு முடி மீண்டது. அவர்களுக்கு மீண்டது யாது? புராணம் நம்மினும் முந்திச் சென்றுள்ளது. இந்திரன் விண்ணுலகுக்கு அழைத்தபோது, தன் ஆண்டையின் விடையின்றி வாரேன் என்றான் அரிச்சந்திரன். அப்பொழுதுதான் அந்த ஆண்டை தன்னைத் தருமதேவதையென வெளிப்படுத்தினான். இழிந்தவன் என உலகம் ஒதுக்கிய உருவே தருமத்தின் வேடமாயிருந்தது. இதனை உணராது அரிச்சந்திரனை மட்டும் போற்றுவோர், நாடகத்தைப் பாதியே கண்டவராவர்.