தாட்பூட் கொடியின் பூர்வீகம்

மெக்சிகோவில் பிறந்த அகஸ்தீனியத் துறவி ஒருவர் ரோமுக்கு வந்து, ஜியாகோமோ போசியோ என்ற அறிஞரிடம் ஒரு பூவின் படத்தைக் காட்டினார். சிலுவையைப் பற்றிப் பெருநூல் எழுதிக்கொண்டிருந்த போசியோவுக்கே அது நம்பும்படி இல்லை. மெக்சிகோவை அறிந்த வேறு துறவிகளும் உறுதி சொன்ன பிறகுதான் 1610இல் அச்சேற்றினார். மூன்று சூல்முடிகள் ஆணிகள், ஐந்து மகரந்தப்பைகள் திருக்காயங்கள், நடு இழைவளையம் முள்முடி, பற்றுக்கம்பி சவுக்கு என்று பின்னாளில் விளக்கம் நிலைத்தது. 1753இல் லின்னேயசும் இயேசுவின் பாடுகளின் பூ என்ற பொருளில் ‘பாசிஃப்ளோரா’ என்றே தாட்பூட்டின் பேரினத்துக்குப் பெயரிட்டார்.

எனக்கென்னவோ பிரசங்கத்தைவிடச் செரோக்கி மக்களின் அடுப்படிதான் பிடிக்கிறது. வட அமெரிக்காவின் தென்கிழக்கில் வாழ்ந்த அவர்கள் இந்தப் பேரினத்துக் கொடி ஒன்றின் பழத்தைத் தின்றார்கள், சாறு பிழிந்து குடித்தார்கள், இளந்தளிரைக் கீரையோடு சேர்த்துச் சமைத்தார்கள். அதே கொடியின் தழை பிற்பாடு தூக்கத்துக்கான மருந்தாகக் கடைக்கு வந்தது.

என் வேலியில் ஏறியிருக்கும் தாட்பூட் கொடிக்குக் கருவண்டுதான் மாப்பிள்ளை வீட்டுத் தரகர். அது தேன் குடிக்க இறங்கும்போது, மேலே கவிழ்ந்திருக்கும் மகரந்தப்பை முதுகில் பொடி பூசிவிடும். சின்னத் தேனீயோ மகரந்தத்தை அள்ளிக்கொண்டு நடையைக் கட்டிவிடும்.

நம் புதர்களில் படரும் சிறுபூனைக்காலியும் அமெரிக்காவிலிருந்து வந்த பங்காளிதான். காயைச் சுற்றியுள்ள பிசுபிசுத்த வலையில் சிறுபூச்சிகள் ஒட்டிச் சாகும். பழுத்ததைச் சப்பித் தின்போம். பச்சைக் காயைத் தொட்டால் அப்பத்தா அதட்டுவாள். அதில் சயனைடு வெளிவிடும் சேர்மங்கள் உண்டு.