காரைக்கால் கைமாற்றம்: வரலாறும் நாவலும் திரையும்

காரைக்கால் கைமாற்றம் என்பது தஞ்சை மராத்திய அரசுக்கு உட்பட்டிருந்த காரைக்கால் துறை 1739இல் பிரெஞ்சுக் கம்பெனி வசம் வந்த நிகழ்வு. அரசலாறு கடலில் சேரும் இந்தச் சிற்றூருக்கு வடக்கே தரங்கம்பாடியில் டேனியர்களும் தெற்கே நாகப்பட்டினத்தில் டச்சுக்காரர்களும் முன்பே கடை விரித்திருந்தார்கள். காவிரிப் படுகையின் நெல்லும் துணியும் வெளியேறும் வாசல்களில் ஒன்று தங்களுக்கும் வேண்டும் என்பது புதுச்சேரி குவர்னர் துய்மாவின் நெடுநாள் எண்ணம்.

வாய்ப்பைத் தந்தது தஞ்சையின் அரியணைச் சண்டை. 1738இல் நாட்டை இழந்து சிதம்பரம் பக்கம் ஒதுங்கிய தஞ்சை அரசர் சாகுஜி, பணமும் ஆயுதமும் கேட்டுப் புதுச்சேரிக்கு ஆள் அனுப்பினார். பதிலுக்குக் காரைக்காலையும் அருகிலிருந்த கோட்டையையும் சில ஊர்களையும் தருவதாகச் சொன்னார். தஞ்சையின் சக்கர நாணயத்தில் விலை பேசி முடிந்தது. அரியணை திரும்பக் கிடைத்ததும் சாகுஜி பேச்சை மாற்றினார். நாகப்பட்டினத்து டச்சுக்காரர்களின் தூண்டுதலும் அதில் இருந்தது. துய்மா தஞ்சையோடு நேராகப் போருக்குப் போகவில்லை. திருச்சிராப்பள்ளியைக் கையில் வைத்திருந்த, பிரெஞ்சுக்காரர்களின் நண்பரான சந்தா சாகிபு தம் படையை அனுப்பிக் காரைக்காலைப் பிடித்துக் கொடுத்தார். 1739 பிப்ரவரி 14 அன்று பிரெஞ்சுக்காரர்கள் கோட்டைக்குள் வந்தார்கள். அதே ஆண்டு சாகுஜி வீழ்ந்து பிரதாப சிங் அரசரானார். பேரம் மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. 1749இல் சந்தா சாகிபும் பிரெஞ்சுப் படையும் தஞ்சையை முற்றுகையிட்ட பிறகு 81 ஊர்கள் காரைக்காலோடு சேர்ந்தன. 1760 ஏப்ரலில் ஆங்கிலேயர் அதைப் பிடித்தார்கள். 1765இல் திருப்பித் தந்தார்கள்.

இந்தக் காலத்தை உள்ளிருந்து பார்த்த தமிழ்க் கண் புதுச்சேரியில் இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையுடையது. அவருடைய நாட்குறிப்பு 1736 செப்டம்பர் 6இல் தொடங்குகிறது. காரைக்கால் விவகாரம் நடந்தபோது கம்பெனியின் தலைமைத் துபாசி, அதாவது மொழிபெயர்ப்பாளரும் இடையாளரும், கனகராய முதலியார்; பிள்ளைக்கு அந்தப் பதவி 1747இல், துய்மாவுக்குப் பின் குவர்னரான துய்ப்ளெக்ஸ் காலத்தில் கிடைத்தது. கப்பல் வந்த நாழிகை, பீரங்கி முழங்கிய எண்ணிக்கை, யார் யாருக்கு என்ன நசர் (காணிக்கை) கொடுத்தார்கள் என்பதெல்லாம் அதில் ஒரே குரலில் வருகின்றன. பாரசீக, பிரெஞ்சு, போர்த்துக்கேயச் சொற்கள் கலந்த அன்றைய பேச்சுத் தமிழ் அது. போரை வெற்றி தோல்வியாக மட்டும் எழுதிய வரலாற்று நூல்களைவிட, போர் எப்படி ஏற்பாடு செய்யப்பட்டது என்பதை இந்தத் துபாசிதான் நமக்குக் காட்டுகிறார். நாட்குறிப்பு 1846இல் கண்டெடுக்கப்பட்டு, 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் அச்சேறியது.

புதுச்சேரிக்காரரான பிரபஞ்சன் (1945–2018) அந்த நாட்குறிப்பை நாவலாக்கினார். ‘மானுடம் வெல்லும்’ துய்மா காலத்தையும், அதன் தொடர்ச்சியான ‘வானம் வசப்படும்’ துய்ப்ளெக்ஸ் காலத்தையும் களமாகக் கொண்டவை. பின்னது 1995இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அரண்மனையையும் வீரத்தையும் சுற்றியே வந்துகொண்டிருந்த தமிழ்ச் சரித்திர நாவல், இந்த இரண்டிலும்தான் துபாசிகளின் திண்ணைக்கும் தாசிகளின் வீட்டுக்கும் பண்டகசாலைக்கும் இறங்கி வந்தது. தமிழில் அது பெரிய திருப்பம்.

போர்க்காலச் சூழ்ச்சி தமிழ்த் திரைக்குப் புதிதல்ல. எஸ். பாலசந்தரின் ‘அந்த நாள்’ (1954), 1943இல் சென்னையில் ஜப்பானியக் குண்டு விழுந்த சமயத்தில் கொல்லப்படும் வானொலிப் பொறியாளரின் கதை. பாட்டில்லை, போர்க்களமும் இல்லை. ஒரு வீட்டுக்குள் துரோகத்தைத் தேடுகிற படம். பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் மோதிய கர்நாடகப் போர்களின் காலத்தைத் தொட முனைந்த பெரிய முயற்சி கமல்ஹாசனின் ‘மருதநாயகம்’. 1997 அக்டோபரில் சென்னையில் இரண்டாம் எலிசபெத் அரசியார் முன்னிலையில் தொடக்க விழா நடந்தது. திரைக்கதையில் சுஜாதாவின் பங்கு உண்டு. படம் முடியவில்லை.

அதன் நாயகன், மருதநாயகம் என்றும் அறியப்படும் யூசுப் கான், ஆங்கிலேயருக்காகப் போரிட்டுப் பெயர் பெற்று, பிறகு மதுரையில் பிரெஞ்சுக் கொடியை ஏற்றியவர். மாதக்கணக்கில் முற்றுகையிட்டும் மதுரைக் கோட்டை விழவில்லை. 1764 அக்டோபரில் அவரைப் பிடித்துக் கொடுத்தவர்கள், மர்ச்சாந்து என்ற பிரெஞ்சுத் தளபதி உட்பட, அவருடன் கோட்டைக்குள் இருந்தவர்கள். அக்டோபர் 15 அன்று அவர் தூக்கிலிடப்பட்டார்.