உச்சிக்குழி வழியே பார்த்தவர்கள்

"பொறந்ததும் குழந்தை அழலையாம்." எங்கள் நாக்பூர் குவார்ட்டர்ஸில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் இப்படி ஆனது. ஊரிலிருந்து வந்த போனெல்லாம் அந்தப் பெண்ணைத்தான் குடைந்தன. தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருக்கலாமே, மாடிப்படி ஏறாமல் இருந்திருக்கலாமே... பி.காம். படித்த பேங்க்காரனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். கணக்கு எங்கே உதைக்கிறது என்று தேடுவதுதானே நம் பிழைப்பு! தேடியதில் கிடைத்த சரித்திரம் இது.

1861-ல் லண்டன் மருத்துவர் வில்லியம் ஜான் லிட்டில் ஒரு கட்டுரை வாசித்தார். கை கால் விறைத்துப்போன பல குழந்தைகளுக்குக் காரணம் கஷ்டமான பிரசவமும் மூச்சு முட்டலும்தான் என்றார். 1897-ல் ஒருவர் மறுத்தார். யார் தெரியுமா? கனவுக்கு விளக்கம் சொன்ன அதே ஃப்ராய்ட்! கருவிலேயே மூளையில் கோளாறு இருந்து, அதனால்கூடப் பிரசவம் சிக்கலாகியிருக்கலாமே என்றார் அவர்.

வழக்கு நூறு வருஷம் இழுத்தது. சாட்சி மண்டையோட்டுக்குள் அல்லவா இருக்கிறது? 1895-ல் வந்த எக்ஸ்ரே எலும்பைக் காட்டியது, மூளையைக் காட்டவில்லை. 1918-ல் அமெரிக்காவின் வால்டர் டாண்டி மூளையின் நீரறைகளில் காற்றைச் செலுத்திப் படம் எடுத்தார். 1971-ல் லண்டனில் முதல் நோயாளிக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். எழுபதுகளின் கடைசியில் அல்ட்ராசவுண்ட் வந்தது. நம் பாட்டிகள் எண்ணெய் வைக்கும் உச்சிக்குழி இருக்கிறதே, எலும்பு மூடாத அந்த இடம்தான் சன்னல். குழந்தையைத் தொட்டிலை விட்டு நகர்த்தவே வேண்டாம். ரத்தக்கசிவு நன்றாகத் தெரிந்தது. ஆனால் ஆக்சிஜன் குறைவால் ஆழத்தில் ஏற்படும் சேதம், முதல் நாட்களில் பலசமயம் தப்பிவிடும்.

பெரிய திருப்பம் 1983-ல். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் ஆஸ்மண்ட் ரெனால்ட்ஸ் குழுவினர் சிசுக்களைப் பெரிய காந்தத்துக்குள் வைத்து, மூளைச் செல்களின் சக்தி இருப்பை அளந்தார்கள். எம்.ஆர்.ஐ.க்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி ஒரு முறை. மூச்சு திரும்பிய குழந்தைகளுக்கு முதலில் இருப்பு கிட்டத்தட்ட சரியாகவே இருந்தது. பல மணி நேரம் கழித்துத்தான் மளமளவென்று சரிந்தது! அதாவது, சேதம் முழுக்க அந்த நிமிஷத்திலேயே நடந்து முடிவதில்லை, நடுவில் ஓர் அவகாசம் இருக்கிறது. பிறந்து 6 மணி நேரத்துக்குள் தொடங்கி 72 மணி நேரம் உடலைக் குளிர்விக்கும் சிகிச்சைக்கு இது முக்கிய அஸ்திவாரம். 2005-ல் வந்த பரிசோதனை முடிவுகள் அதற்கு வலு சேர்த்தன.

1998-ல் லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையின் மேரி ரூதர்ஃபோர்ட் குழுவினர் எம்.ஆர்.ஐ.யில் ஓர் அடையாளத்தைக் கண்டார்கள். மூளையின் கட்டளையைக் கை கால்களுக்குக் கொண்டுபோகும் நரம்புப் பாதை, நிறைமாதக் குழந்தைக்கு ஒரு கீற்றாகப் பளிச்சென்று தெரிய வேண்டும். அது மங்கினால் பின்னாளில் நடமாட்டம் பாதிக்கப்படும் என்று முன்கூட்டியே சொல்ல முடிந்தது.

2003-ல் 'லான்செட்' இதழில் லிட்டில்-ஃப்ராய்ட் வழக்குக்கு ஒரு தீர்ப்பு வந்தது. பிறந்தவுடன் மூளை பாதிப்பின் அறிகுறிகள் காட்டிய நிறைமாதக் குழந்தைகளில் 80 சதவீதம் பேருக்கு, படத்தில் பிரசவத்தை ஒட்டிய புதிய காயம்தான் தெரிந்தது. பழைய காயம் ஒரு சதவீதத்துக்கும் கீழே. இந்தக் குழந்தைகள் விஷயத்தில் லிட்டில் சொன்னதே பெரும்பாலும் சரி. ஆனால் மூளை முடக்குவாதம் வரும் எல்லாக் குழந்தைகளுக்கும் இது பொருந்தாது. பெரும்பாலானவர்களுக்குக் காரணம் வேறு. அங்கே ஃப்ராய்டும் முழுக்கத் தோற்கவில்லை.

நம் பக்கத்துக்கு ஒரு பின்குறிப்பு. சென்னை உட்பட இந்தியா, இலங்கை, வங்கதேச மருத்துவமனைகளில் 408 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2021-ல் வெளியானது. குளிர்வித்தவர்களில் 42 சதவீதம், குளிர்விக்காதவர்களில் 31 சதவீதம் இறந்திருந்தார்கள். லண்டன் வைத்தியம் அப்படியே நமக்குப் பொருந்திவிடாது.

ஒன்று கவனியுங்கள். காயம் எங்கே, ஏறக்குறைய எப்போது என்பதைப் படம் சொல்லும். யார் தப்பு என்று எந்த ரிப்போர்ட்டிலும் இருக்காது. உங்களுக்குத் தெரிந்த வீட்டில் இப்படி நேர்ந்தால், படம் எத்தனையாவது நாளில் எடுத்தது, எந்தப் பகுதி பாதித்திருக்கிறது, பயிற்சிகளை எப்போது தொடங்கலாம் என்று மருத்துவரைக் கேட்கச் சொல்லுங்கள். பெற்றவளிடம் எதுவும் கேட்காதீர்கள். சாப்பிட்டாளா என்று மட்டும் கேளுங்கள்.