வையாபுரிப் பிள்ளையின் கால ஆராய்ச்சியும் அதற்கு எழுந்த எதிர்ப்பும்

முச்சங்கங்களும் 9990 ஆண்டுகள் நிலவின என்னும் இறையனார் களவியல் உரைச் செய்தியைப் பலர் வரலாறாகவே கொண்டிருந்த சூழலில், ச. வையாபுரிப் பிள்ளை (1891–1956) தொல்காப்பியத்தைக் கி.பி. 5ஆம் நூற்றாண்டிலும் சிலப்பதிகாரத்தைக் கி.பி. 800ஐ ஒட்டியும் வைத்தார். தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியராக இருந்தவர் இவ்வாறு கூறியதே எதிர்ப்பைக் கூர்மையாக்கியது எனலாம்.

அவருடைய ஐயத்தின் தன்மையைக் கயவாகு பற்றிய வாதத்தில் தெளிவாகக் காணலாம். கண்ணகி விழாவிற்கு இலங்கைக் கயவாகு வந்தான் என்னும் சிலப்பதிகாரச் செய்தியை மகாவம்சத்தின் முதலாம் கஜபாகுவோடு இணைத்துச் செங்குட்டுவனைக் கி.பி. 2ஆம் நூற்றாண்டினனாகக் கொள்வது வழக்கம். ஆயின் மகாவம்சம் அம்மன்னனின் சேரநாட்டு வருகையைக் குறிப்பிடவில்லை. காப்பியமோ நிகழ்ச்சிக் காலத்தில் இயற்றப்பட்டதென நிறுவப்படவில்லை. பெயரொற்றுமை ஒன்றே இத்துணைச் சுமையைத் தாங்காது என்பது பிள்ளையவர்களின் நிலைப்பாட்டிற்கு இன்றும் வலுச் சேர்க்கிறது.

மறுத்தோருள் கடுமையானவர் தேவநேயப் பாவாணர். பேரகராதி தமிழ்ச் சொற்கள் பலவற்றிற்கு வடமொழி மூலம் காட்டியமை குறித்த அவருடைய குறைகூறல் சொல்லாராய்ச்சி சார்ந்தது. அது தனியே ஆராயத்தக்கது. ஆனால் எதிர்ப்பின் பெரும்பகுதி சான்றை விடுத்து நோக்கத்தையே வினவிற்று. ஒருவர் தமிழ்ப் பகைவரா என்னும் வினாவிற்கு எவ்விடை கூறினும், மெய்ப்பாட்டியலுக்கும் பரதரின் நாட்டிய சாத்திரத்திற்கும் உள்ள உறவு விளங்கப் போவதில்லை.

உண்மையில் தாக்கத்தக்க இடம் அவ்வுறவே. ஒப்புமை கண்டவிடத்துத் தமிழே கடன்பெற்றது என அவர் பெரும்பாலும் கொண்டார். நாட்டிய சாத்திரத்தின் காலமே உறுதிப்படாத நிலையில் அதனைக் கொண்டு பிறிதொரு நூலின் காலத்தை அளப்பது நெகிழ்வான அளவுகோல். இக்குறையை முறையியல் நோக்கில் சுட்டியோர், வசைபாடியோரை நோக்க, மிகச் சிலரே.

அவர் மறைவுக்குப்பின் ஆராய்ச்சி வேறு சான்றுகளை நோக்கித் திரும்பிற்று. 1965இல் ஐராவதம் மகாதேவன் புகளூர்க் கல்வெட்டுகளில் இரும்பொறை மரபினரை இனங்கண்டது, பதிற்றுப்பத்தின் சேரர்க்கு நூலுக்குப் புறத்தே சான்று அளித்தது. தொல்காப்பியம் மெய்யெழுத்திற்குப் புள்ளி கூறுகிறது. தொடக்ககாலத் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளில் புள்ளி இல்லை. எனவே அந்நூல் கி.பி. 2ஆம் நூற்றாண்டுக்கு முந்தியதாதல் அரிது என அவர் கருதினார். இது பிள்ளையவர்களின் முடிவை மெய்ப்பிப்பதன்று. மரபுவழிப் பழமையை ஏற்பதுமன்று. முந்திய அடுக்கில் புள்ளியிட்ட பானையோடு கிடைப்பின் இக்கருத்தும் மாறும். மெய்ப்பாட்டியலும் எழுத்ததிகாரமும் ஒரே காலத்தனவா என்பது இன்னும் தீராத வினா.