திருவடிக்கீழ் முயலகன்

அம்பலவாணப் பெருமான் திருமுன் நிற்கும் அன்பர் பலரும் திருமுகத்து முறுவலையும் தூக்கிய திருவடியையும் கண்டு உள்ளங் கசிவர். ஊன்றிய திருவடியின் கீழ்க் கிடக்கும் குறள் வடிவினனை உற்று நோக்குவார் சிலரே. அவருள்ளும் பலர், பெருமான் ஓர் அரக்கனைக் கொன்று அவன் உடன்மேல் ஆடுகின்றார் என்று எண்ணிச் செல்வர். இவ்வெண்ணம் பிழையென்பதும், அப்பிழை சாதகனுக்கு ஊறு செய்வதென்பதும் ஈண்டுச் சிறிது ஆராயற்பாலன.

7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் சீயமங்கலத்துக் குடைவித்த குகைக் கோயிலின் தூணொன்றில் ஆடும் சிவபெருமான் உருவம் உளது. தமிழ்நாட்டிற் கிடைத்த கூத்தப்பிரான் சிற்பங்களுள் மிகப் பழையனவற்றுள் அஃதொன்று. ஆண்டு முயலகன் இலன்; அரவமே உளது. 10ஆம் நூற்றாண்டின் பிற்கூற்றில், கண்டராதித்த சோழரின் தேவியாராகிய செம்பியன் மாதேவியார் தங் கணவர் பெயரால் திருநல்லத்தில் கற்றளி எடுப்பித்தார். அவ்வம்மையார் எடுப்பித்த கோயில்களில் ஆனந்தத் தாண்டவ வடிவம் முயலகனோடு நிலைபெற்றது. 1010ஆம் ஆண்டில் முற்றுப்பெற்ற தஞ்சை இராசராசேச்சரத்துக் கல்வெட்டு, ஆடவல்லார் திருமேனியை விரித்துரைக்குமிடத்துச் சடையிலுள்ள கங்கையோடு திருவடிக்கீழுள்ள முசலகனையும் மறவாது குறிக்கின்றது.

இவனைத் தாருகாவனத்து முனிவர் வேள்வித்தீயினின்று எழுப்பிப் பெருமான்மேல் ஏவினரென்பது புராண வரலாறு. வடமொழியில் இவன் பெயர் அபஸ்மாரம். நினைவு நீங்குதல் என்பது அதன் பொருள். தமிழிலும் முயலகன் என்பது வலிப்பு நோய்க்குப் பெயராய் வழங்கிற்று. கொல்லிமழவன் மகளை வருத்திய அந்நோயை ஆளுடைய பிள்ளையார் திருப்பாச்சிலாச்சிராமத்தில் தீர்த்தருளிய வரலாற்றைச் சேக்கிழார் பெருமான் கூறுவர். திருவாசியென இந்நாளில் வழங்கும் அத்தலத்துக் கூத்தப்பிரான் முயலகன்மேலன்றி அரவின்மேல் நின்றாடுதல் இன்றும் காணலாம். நோயுற்ற அம்மகள் அறிவில்லாதவளல்லள். உள்ள அறிவு மறைப்புண்டு கிடந்தனள். உயிரை ஆணவம் பற்றியிருக்கும் நிலைக்கு இதனினும் பொருத்தமான உவமை காண்டல் அரிது.

மெய்கண்டதேவரின் மாணாக்கராகிய திருவதிகை மனவாசகங்கடந்தார் 13ஆம் நூற்றாண்டில் அருளிய உண்மை விளக்கம் இதனைத் தெளிவாக்கும். துடியிற் படைப்பும், அமைத்த கையிற் காப்பும், அங்கியில் ஒடுக்கமும், ஊன்றிய அடியில் மறைப்பும், தூக்கிய அடியில் முத்தியும் அந்நூல் காட்டும். திருவைந்தெழுத்துள் மலத்தைக் குறிக்கும் மகரம் முயலகனுக்கு உரியதாக அங்கு வைக்கப்பட்டது. அவ்விடத்து ஆசிரியர் அவன் பெயரை ‘ஆர்’ விகுதி கொடுத்தே ஓதுகின்றார். அது செய்யுளோசை நோக்கியதென்பார் என்க; எமக்கோ, இறைவன் அடி நீங்காது தீண்டும் பேறு பெற்றவனை எளிதாக இகழ ஆசிரியர் திருவுளம் இசையவில்லை போலும் என்று தோன்றுகின்றது.

இனி, செப்புத் திருமேனிகளை அணுகிப் பார்க்க. முயலகன் பிணமாய்க் கிடக்கவில்லை. பலவற்றில் தலை நிமிர்த்திருக்கின்றான், சிலவற்றிற் கையில் அரவும் பற்றியிருக்கின்றான். சித்தாந்தங் கூறுவதும் இதுவே. ஆணவ மலம் அநாதி. அஃது அழிவதில்லை, அதன் சத்தியே மடங்கும். கதிரவன் முன்னர் இருள் தன் வலியிழந்து நிற்றல் போல்வது அது. அம்மலத்தை அழுத்தும் அடியே மறைத்தற்றொழில் உடைய அடி என்பதே ஈண்டு வியக்கத்தக்கது. உயிருக்கு இறைவன் தன்னைக் காட்டாது மறைந்து நின்று, வினைப்பயனை நுகர்வித்து, மலத்தைப் பக்குவப்படுத்துகின்றான். நாம் துன்பமென்று நோகும் காலமும் அவ்வடி நம்மேல் ஊன்றிய காலமேயாம்.

சில்லாண்டுகட்கு முன் முதியவரொருவர் எம்மை அணுகி, தாம் தீக்கை பெற்று நாற்பதாண்டு வழுவாது பூசை செய்தும் சினம் இன்னும் எழுகின்றதென்றும், தீக்கை பழுதுற்றதோவென்றும் கண்ணீர் மல்க வினவினார். ஆணவத்தைக் கொன்றொழித்தேன் என்று அவர் சொல்லியிருப்பின் யாம் அஞ்சியிருப்போம். அச்சொல்லைச் சொல்வதும் ஆணவமேயன்றோ? தம் சினத்தைத் தாமே கண்டு நாணுதல் நினைவு மீண்டதன் அடையாளமென்றும், முயலகன் தலை நிமிர்த்தபொழுதெல்லாம் ஐந்தெழுத்தை ஓதுக என்றும் கூறினோம். அவர் மறுமொழி பகராது எழுந்து சபைக்குச் சென்றார். அன்று அவர் நெடும்பொழுது நோக்கி நின்றது ஊன்றிய திருவடியையே.