பட்டத்திற்குப் பிந்தைய பாதை: நீலகிரியில் பெண்களும் அறிவியல் பணியும்

பெண்களின் அறிவியல், பொறியியல் கல்வியைச் சேர்க்கை எண்ணிக்கையால் மட்டும் அளப்பது, இடம் பெற்றவர் பின்னர் எந்தப் பதவியில் அமர்ந்தார், எந்தப் படியோடு நிறுத்தப்பட்டார் என்ற கேள்வியை மறைத்துவிடுகிறது. இக்கேள்வியை ஆராய நீலகிரி தகுந்த களமாகும். உயர்நிலை ஆய்வகமும் தேயிலைத் தொழிற்சாலையும் ஒரே மலையில் அருகருகே இயங்கிய வரலாறு அதற்கு உண்டு.

குன்னூர்ப் பாஸ்டர் நிலையம் 1907 இல் தோன்றியது. தயமின் என்னும் உயிர்ச்சத்தின் குறைவால் நரம்பும் இதயமும் நலிவுறும் பெரிபெரி நோயைப் பற்றி ராபர்ட் மெக்காரிசன் 1918 இல் அங்கே ஒற்றை அறையில் தொடங்கிய ஆய்வு, ஊட்டச்சத்து ஆய்வகமாக வளர்ந்து, 1958 இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிலைபெற்றுள்ளது. பம்பாயின் கருவுற்ற ஆலைத் தொழிலாளர்களிடையே காணப்பட்ட பெருஞ்செல் இரத்தசோகையை, அதாவது சிவப்பணுக்கள் இயல்பை மீறிப் பருத்து எண்ணிக்கையில் குன்றும் நோயை, ஆராய வந்த லூசி வில்ஸ் 1929 இல் குன்னூரில் சில காலம் பணியாற்றினார். ஈஸ்ட் சாறு அந்நோயைத் தீர்க்கிறது என்று 1931 இல் அவர் வெளியிட்ட முடிவே, பின்னாளில் ஃபோலிக் அமிலம் கண்டறியப்பட வழிவகுத்தது. 1911 இல் கேம்பிரிட்ஜில் தேர்வெழுதித் தேறியும், அப்பல்கலைக்கழகம் 1948 வரை பெண்களுக்கு முழுப் பட்டம் வழங்காததால், அங்கே பட்டமின்றி வெளியேறியவர் அவர். எனினும் வில்ஸ் குன்னூருக்கு விருந்தினராக வந்து சென்றவர். அந்நிறுவனத்தின் பதவிப் படிகளில் அவர் ஏற வேண்டியிருக்கவில்லை.

கமலா பாகவத் (திருமணத்திற்குப் பின் சோஹோனி) ஏற வேண்டியிருந்தவர். பம்பாயில் 1933 இல் இளம் அறிவியல் பட்டத்தில் முதன்மையாகத் தேறிய அவரைப் பெண் என்ற காரணத்தால் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சேர்க்க மறுத்த அதன் இயக்குநர் சி. வி. ராமன், அவரது விடாப்பிடிக்குப் பிறகே, ஓராண்டு சோதனைக் காலம் உள்ளிட்ட நிபந்தனைகளோடு இசைந்தார். அறிவியலில் ராமனின் உயரம் இச்செயலின் அநீதியைச் சிறிதும் குறைப்பதில்லை. உயிரணுச் சுவாசத்தில் மின்னணுக்களைக் கடத்தும் சைட்டோகுரோம் சி என்னும் புரதம் தாவரங்களிலும் உண்டென்று காட்டி, 1939 இல் கேம்பிரிட்ஜில் முனைவர் ஆய்வை முடித்த கமலா, டெல்லி லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியில் பணியாற்றியபின், குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வகத்தில் உதவி இயக்குநரானார். பெண் என்பதால் இயக்குநர் பதவி தமக்குக் கிட்டாது என்பதை அவர் அங்கேயே உணர்ந்தார் என்று அவரது வாழ்க்கைக் குறிப்புகள் கூறுகின்றன. 1947 இல் திருமணத்தை ஒட்டிக் குன்னூரை விட்டுப் பம்பாய் சென்றார். பெங்களூரில் தடை வாசலில் இருந்தது. குன்னூரில் அது மேற்படியில் இருந்தது. பின்னதற்கு எழுத்து வடிவம் இல்லாததால், அதை எதிர்த்து முறையிடவும் இடமிருக்கவில்லை.

தேயிலைத் தொழிற்சாலையிலோ தடை சட்டமாகவே எழுதப்பட்டிருந்தது. பகலில் பெண்கள் பறிக்கும் கொழுந்து மாலையில் எடைபோடப்பட்டு, பல மணி நேரம் வாட்டப்பட்டபின், இயந்திரங்களில் நசுக்கப்படுவதும் நொதிக்கவிடப்படுவதும் பெரும்பாலும் இரவிலேயே நிகழ்கின்றன. நொதித்தல் என்று வழங்கப்பட்டாலும், இலைச்சாறு காற்றுப்பட்டு நிறமும் சுவையும் மாறும் ஆக்சிசனேற்றமே அது. அதை நிறுத்த வேண்டிய தருணத்தைத் தீர்மானிப்பவரே டீ மேக்கர். வேதியியலும் இயந்திர அறிவும் கூடும் இப்பதவிக்கு இரவுப் பணி இன்றியமையாதது. 1948 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 66 ஆம் பிரிவோ இரவு 7 மணிமுதல் காலை 6 மணிவரை பெண்கள் தொழிற்சாலைகளில் பணியாற்றுவதைத் தடுத்தது. பாதுகாப்பை நோக்கமாகக் கொண்ட விதி, கொழுந்தை நன்கறிந்தவர்களைக் கொழுந்து தேயிலையாகும் நேரத்தில் வெளியே நிறுத்தியது.

அத்தடை அரசமைப்புக்கு முரணானது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2000 இல் தீர்ப்பளித்தது. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வி பயிலும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 இல் தமிழகத்தில் தொடங்கியது. கேத்தியில் பொறியியல் கல்லூரியும் குன்னூரில் மகளிர் கல்லூரியும் உள்ளன. ஆகவே தோட்டத் தொழிலாளர்கள் வாழும் எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து பட்டம்வரை செல்லும் வழி முன்னைவிட விரிந்துள்ளது என்பதில் ஐயமில்லை. ஆனால் இரவுப் பணிக்கு வீடுவரை வாகன வசதி வேண்டும், பெண்கள் பத்துப் பேருக்குக் குறையாத குழுவாக இருக்க வேண்டும் என்று அதே தீர்ப்பு விதித்த நிபந்தனைகள், பெருந்தொழிற்கூடங்களை மனத்திற்கொண்டவை. இருள் சூழ்ந்தபின் காட்டெருமை நடமாடும் மலைப்பாதையில் வாகனம் உண்மையிலேயே தேவை. ஆனால் முதன்முதலாக டீ மேக்கராக நுழையும் ஒரு பெண்ணுக்கு, உடன்வரும் ஒன்பது பேர் ஒரு சிறு தேயிலைத் தொழிற்சாலையில் எங்கிருந்தும் கிடைக்கமாட்டார்கள்.